எனக்குக் காட்டிய மஞ்சள் அட்டை

போன தை மாதம், பொங்கல் முடிந்து தெருவில் கிடந்த கரும்புச் சக்கைகூடக் காயாத நேரம். புதுச்சேரியில் எங்கள் வைத்திக்குப்பத்துப் பெண்பிள்ளைகளின் கால்பந்து டீமுக்கு என்னை மேனேஜர் ஆக்கினார்கள். சிரிக்காதீர்கள். அன்றைக்கு எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்துதான் வந்தது.

நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் நிற்கிற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகப் போகிறவள். மீன் விற்கிற தெருவில் பிறந்து வளர்ந்தும் எனக்குக் கூவி விற்க வராது. தொண்டை வரைக்கும் சத்தம் வரும், அங்கேயே நின்றுவிடும். மார்க்கெட்டில் என் பக்கத்தில் உட்காருகிற பெண்தான் அவள் கூடைக்கும் என் கூடைக்கும் சேர்த்துக் கூவுவாள். வீட்டுக்காரர் போன பிறகு அந்த வியாபாரத்தையும் விட்டுவிட்டேன். பிள்ளைகள் கிளப்பில் ஜெர்சி துவைத்துப் போடுவது, ஆரஞ்சுப் பழம் உரித்து வைப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது, இதுதான் என் வேலை. இதில் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

டீமுக்கு மேனேஜராக இருந்தது ஒரு பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். அவர் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அப்போது நடக்கவிருந்த கோப்பைப் போட்டியில் ஒரு சட்டம் இருக்கிறதாம். பெண்பிள்ளைகள் ஆடினால், ஓரத்துப் பெஞ்சில் பொறுப்பாளராக ஒரு பெண்ணாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடவிட மாட்டார்கள். பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் சாயங்காலம் மீன் கூடையோடு போய்விடுகிறவர்கள். கோச்சுத் தம்பி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். துவைத்த ஜெர்சிகளை மடித்துக்கொண்டிருந்த நான்தான் கண்ணில் பட்டேன்.

"அம்மா, நீங்க சும்மா வந்து உக்காந்தா போதும். வாயத் தொறக்கவே வேணாம்."

"ஐயோ தம்பி, பந்து எந்தப் பக்கம் போவணும்னே எனக்குத் தெரியாதே."

"அந்தப் பக்கம் போனா நமக்கு நல்லது. இந்தப் பக்கம் வந்தா அவங்களுக்கு நல்லது. முடிஞ்சிது பாடம்."

அப்புறம் என் பயத்தைப் பார்த்துவிட்டு என்னருகில் உட்கார்ந்து சொன்னார். வெளிநாட்டில் பெரிய பெரிய கிளப்புகளில்கூட இப்படித்தானாம். மேனேஜர் திடீரென்று போய்விட்டால், அடுத்தவர் வருகிற வரைக்கும் கிளப்புக்குள்ளேயே இருக்கிற யாரையாவது பிடித்து உட்கார வைப்பார்களாம். பழைய ஆட்டக்காரர், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர் என்று யாராவது. தற்காலிக மேனேஜர் என்று பெயர்.

"அவரு என்னா செய்வாரு தம்பி?"

"பெரிசா எதையும் மாத்த மாட்டாரும்மா. புது ஆளும் எடுக்க முடியாது. இருக்கற பிள்ளைங்கள வெச்சி, படகு கவுறாம கரையில கொண்டாந்து சேக்கணும். அவ்ளோதான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் புது மேனேஜர் வந்துடுவாரு. இவர யாரும் ஞாபகம் வெச்சிக்க மாட்டாங்க."

யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கேட்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. சரி என்றேன்.

நீல நாடாவில் ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். மேனேஜர் என்று போட்டிருந்தது. அதைக் கழுத்தில் மாட்டி, யாருக்கும் தெரியாமல் முந்தானைக்குள் சொருகிக்கொண்டேன். பிள்ளைகள் விடவில்லை. "தாலி மாதிரி உள்ள வெச்சிக்கினு இருக்கியே ஆயா, வெளிய எடுத்துப் போடு, நாலு பேரு பாக்கட்டும்" என்று கேலி செய்தார்கள். எனக்கு அது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரம் மாதிரி இருந்தது. நசுங்காமல், கீறல் விழாமல் வைத்திருந்து டீச்சர் வந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை.

முதல் ஆட்டங்கள் நல்லபடியாகப் போயின. பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பிள்ளைகள் கத்தினால் கோல் போட்டுவிட்டோம் என்று தெரிந்துகொள்வேன். மைதானத்து வேப்ப மரத்தடியில் தினமும் ஒரு பெரியவர் வந்து உட்காருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம் வருகிற மாதிரி, சொல்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் சும்மா இருக்க மாட்டார். "டேய், அவங்க மேனேஜர பாருங்கடா, தன்ன பொண்ணு பாக்க வந்த மாதிரி குனிஞ்சிக்கினே உக்காந்திருக்குது!" என்பார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும்.

எங்கள் கோல் கீப்பர் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கை கால் நீளமான பிள்ளை. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கம்பத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள். மாநில டீமுக்கு ஆள் எடுக்கிற பயிற்சி முகாம் ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்துவிட்டால் ஹாஸ்டலில் தங்கி விளையாடிக்கொண்டே படிக்கலாம். தூங்கும்போதுகூட அவளுக்கு அந்த நினைப்புத்தான் என்று அவள் அம்மா சொல்வாள். அரை இறுதி ஆட்டத்துக்கு அந்த முகாமுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் வரப்போகிறார்கள் என்று சேதி வந்தது. அன்று அவள் என்னிடம் வந்து, "ஆயா, என் ஜெர்சிய மட்டும் நல்லா வெளுப்பா தோச்சிக் குடு" என்றாள். கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டுக் கொடுத்தேன்.

அந்த அரை இறுதி நாளைத்தான் சொல்ல வந்தேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கோச்சுத் தம்பிக்கும் நடுவருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். தம்பி கம்பி வேலிக்கு வெளியே போய் நிற்க வேண்டியதாயிற்று. போகும்போது என்னைப் பார்த்து, "பயப்படாதீங்கம்மா, பிள்ளைங்களே பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெஞ்சில் பெரியவள் என்று நான் ஒருத்திதான் இருந்தேன்.

இரண்டாவது பாதியில் எங்கள் கோல் கம்பம் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு கோல் நமக்கு. அவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒரு பந்து உயரமாக வந்தது. எங்கள் பெண் எகிறிப் பிடித்தாள். எதிர் டீம் பிள்ளையும் எகிறினாள். அவள் முழங்கால் இவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். இவள் விழுந்தாள். பந்தை மட்டும் விடவில்லை.

நடுவர் விசில் அடித்து ஓடி வந்தார். எழுந்து உட்கார்ந்தவள் சிரித்தாள். "ஒண்ணும் இல்ல சார், ஒண்ணும் இல்ல" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துப் பந்து வெளியே வந்து என் காலடியில் நின்றது. எடுக்க வந்த எங்கள் கீப்பர் பெண், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஆயா, டீச்சர் எங்க? இன்னும் வரல?"

பெஞ்சில் இருந்த பிள்ளைகள் விளையாட்டாகக் கேட்கிறாள் என்று சிரித்தார்கள். ஆனால் அவள் கண்ணில் விளையாட்டு இல்லை. டீச்சர் ஊருக்குப் போகும்போது பஸ் ஏற்றிவிட்டு அழுதுகொண்டு வந்தவள் இவள்தான்.

என் வீட்டுக்காரர் போட்டைக் கரையேற்றும்போது ஒரு நாள் கட்டை நழுவித் தலையில் அடித்தது. ரத்தம்கூட வரவில்லை. ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, "அம்மா சாப்பிட்டாங்களா, எங்க ஆளக் காணோம்?" என்று கேட்டார். அவர் அம்மா இறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அசதியில் பேசுகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அதே மாதிரிக் கேள்வியை இப்போது இவள் வாயிலிருந்து கேட்டேன்.

வேலிக்கு ஓடினேன். கோச்சுத் தம்பியிடம் சொன்னேன். அவருக்கும் பதற்றம்தான், ஆனால் வேறு பதற்றம். "அது கிண்டல் பண்ணுதும்மா. பாருங்க, நல்லாத்தான நிக்குது? இப்ப மாத்தினா ஆட்டம் போச்சி. செலெக்‌ஷன்காரங்க அதத்தான் பாத்துக்கினு இருக்காங்க, அவ வாழ்க்கையே போயிடும்." அதற்குள் ஓர் அதிகாரி வந்து, வெளியேற்றிய ஆளோடு பேசக் கூடாது என்று அவரை அப்பால் அனுப்பிவிட்டார்.

அடுத்த கீப்பராக இருந்த பிள்ளை சின்னவள். அவளிடம் கையுறையைப் போட்டுக்கொள் என்றேன். மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் போய், மாற்ற வேண்டும் என்றேன். என் சத்தம் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஆட்டம் நிக்கும்போதுதான் மாத்த முடியும். போயி உக்காருங்கம்மா" என்றார். பந்து வெளியே வருகிற மாதிரித் தெரியவில்லை. அந்தக் கோடியில் உருண்டுகொண்டே இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் பெண் மட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்து நின்றாள்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டேன். ஏன் கழற்றினேன் என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருந்திருக்கும். கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தேன்.

"யோவ், அந்த பொம்பளைய உள்ள விட்டது யாரு?" என்று சொல்தா கத்தினார். நாலா பக்கமும் கூச்சல். விசில் மேல் விசில். நான் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன்.

"வாம்மா, வெளிய போவலாம்."

"எதுக்கு ஆயா? விடு! அவங்க பாக்கறாங்க ஆயா. என்ன கெடுத்துடாத ஆயா!" அழுதுகொண்டே கையை உதறினாள்.

அப்போதுதான் அந்தத் தொண்டைச் சத்தம் வெளியே வந்தது. "வாடி வெளிய!" என்று கத்தினேன். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்குக்கூடக் கேட்டதாம். முந்தானைக்குள் இருந்த அடையாள அட்டை எப்படியோ வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது.

நடுவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். சின்ன வயதுதான். "கேக்காம உள்ள வரக் கூடாதும்மா" என்று சொல்லிப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே உயர்த்தினார். மஞ்சள் நிறம். சிவப்பு கெட்டது என்று மட்டும் கோச்சுத் தம்பியால் தெரிந்து வைத்திருந்தேன்.

"மஞ்சள்தான தம்பி, நல்லதுதான். காட்டிக்கப்பா. இந்தப் பொண்ண மட்டும் மாத்தி விடு. இது ஊருக்குப் போன டீச்சர எங்கன்னு கேக்குதுப்பா."

அவர் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. பிறகு முகம் மாறிவிட்டது. அவள் முன்னால் குனிந்து, "யாரு ஜெயிச்சிக்கினு இருக்காங்க பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கூச்சல் எல்லாம் அப்படியே அடங்கிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. நடுவர் கையைத் தூக்கி ஆளை மாற்றச் சைகை காட்டினார்.

வேலிக்கு வெளியிலிருந்து இதையெல்லாம் பார்த்த கோச்சுத் தம்பி அதற்குள் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவளைப் பக்கத்தில் பார்த்ததும் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி உட்கார வைத்தார். கூட வேறொரு பிள்ளையின் அக்கா ஏறிக்கொண்டாள். நானும் ஏறப் போனேன். மேசை அதிகாரி ஓடி வந்து தடுத்தார். "நீங்க போனா பெஞ்சில பொம்பள பொறுப்பாளர் இல்ல. ஆட்டத்த நிறுத்திடுவாங்க. தோத்ததாத்தான் எழுதுவாங்க."

திரும்பினால், மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டோ கிளம்பிவிட்டது. நான் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் உட்கார்ந்திருப்பது அத்தனை கஷ்டமாக இருந்தது அன்றைக்குத்தான். அன்று முதல் தடவையாக முழங்காலைப் பார்க்காமல் பந்தைப் பார்த்தேன்.

தோற்றுவிட்டோம். சின்னவள் பாவம், அவளால் முடிந்ததைச் செய்தாள். கடைசியில் இரண்டு கோல் வாங்கிவிட்டாள். என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். மற்றவர்கள் என்னிடம் பேசவில்லை. தேர்வு செய்ய வந்தவர்கள் காரில் ஏறிப் போவதைப் பார்த்தேன்.

செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அந்த நடுவர். "ஆஸ்பத்திரிக்குத்தானம்மா? ஏறுங்க." எனக்கு அந்த மாதிரி வண்டியில் ஏறிப் பழக்கமில்லை. அதிலும் ஒரு வேற்று ஆள் பின்னால். தயங்கினேன். "உங்க பிள்ள மாதிரி நெனச்சிக்கிங்க" என்றார். ஏறி, அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

போகிற வழியில் அவர் சொன்னார். "விழுந்தப்பவே நான் வெளிய அனுப்பி இருக்கணும்மா. அது சிரிச்சிதா, நானும் விட்டுட்டேன்." கொஞ்ச தூரம் போனபின், "கார்டு காட்டினதுக்குக் கோச்சிக்காதீங்க. சட்டம்" என்றார். "நீ உன் வேலையச் செஞ்ச. நான் என் வேலையச் செஞ்சேன். இதுல என்னா கோவம்?" என்றேன். சொன்ன பிறகுதான், மேனேஜர் வேலையை என் வேலை என்று சொல்லிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, பையிலிருந்த அந்த அட்டையை என் கையில் வைத்தார். "எங்கிட்ட வேற இருக்குது. இது உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று உள்ளே வந்து கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். மூளை கொஞ்சம் அதிர்ந்திருக்கிறது, ரத்தக் கசிவு இல்லை, சில வாரம் பந்து பக்கம் போகக் கூடாது, அவ்வளவுதான். அவள் அம்மா மீன் வாசனையோடு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் கட்டிலில் படுத்திருந்தவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் இல்லன்னுதான சொன்னேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வார்த்தை என்னை ரொம்ப நாள் அறுத்தது. ஒன்றும் இல்லாததற்கா அந்தப் பிள்ளையின் கனவைக் கலைத்தோம் என்று நினைத்துக்கொள்வேன். உடனே, ஒன்றும் இல்லை என்பதைத்தானே நாம் வேண்டிக்கொண்டோம் என்றும் நினைத்துக்கொள்வேன். இப்படியே மாறி மாறி. கிளப்புக்குப் போவேன், துவைப்பேன், வந்துவிடுவேன்.

ஒரு நாள் குழாயடியில் ஜெர்சிகளைப் பிழிந்துகொண்டிருந்தேன். தண்ணீர் குடித்த துணி கனம். ஒற்றை ஆளாய்ப் பிழிய வரவில்லை. யாரோ மறுமுனையைப் பிடித்தார்கள். நிமிர்ந்தால் அவள். அவள் ஒரு பக்கம் முறுக்க, நான் மறுபக்கம் முறுக்கினேன். எல்லா ஜெர்சியும் முடிந்து, கடைசியில் அவளுடைய வெள்ளை ஜெர்சி வந்தது.

"ஆயா, நான் டீச்சர் எங்கன்னா உன்ன கேட்டேன்?"

"ஆமாம்மா."

"எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஞாபகமே இல்ல ஆயா. எகிறினது தெரியுது. அப்புறம் ஆட்டோ. நடுவுல ஒண்ணுமே இல்ல." அவள் முறுக்குவதை நிறுத்தினாள். "பயமா இருக்குது ஆயா."

ஈரக் கையோடு அவளை அணைத்துக்கொண்டேன். இரண்டு பேர் துணியும் நனைந்து போயிற்று.

டீச்சர் பங்குனியில் கைக்குழந்தையோடு வந்தார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. ஒரு கிண்ணத்தில் கல்கண்டு போட்டு, அதன்மேல் நீல நாடாவைச் சுற்றி அந்த அடையாள அட்டையை வைத்து நீட்டினேன்.

"கப்ப விட்டுட்டேன் டீச்சர்" என்றேன்.

டீச்சர் பிள்ளைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு முறை பார்த்தார். கீப்பர் பெண்ணிடம் வந்ததும் கண் கொஞ்சம் நின்றது. "நான் விட்டுட்டுப் போனது எல்லாம் இங்கதான இருக்குது?" என்றார். பிறகு குறும்பாக, "எல்லாத்தையும் குடுத்துட்டீங்க, ஒண்ணு கொறையுதே. மஞ்சள் கார்டு எங்க?"

"அத மட்டும் தர மாட்டேன். அது என்னுது" என்றேன். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முகாமிலிருந்து அவளுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. அவள் இரண்டு கம்பத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் மறுபடியும் ஆரஞ்சுப் பழம் உரிக்கிறேன். தற்காலிகமாக வந்தவரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கோச்சுத் தம்பி சொன்னது உண்மையாகவே இருக்கட்டும்; சாமி படத்துச் சட்டத்தில் சொருகி வைத்திருக்கிற அந்த மஞ்சள் அட்டையை விளக்கேற்றும்போதெல்லாம் பார்க்கிறேன், நம் கையில் கொஞ்ச நாளைக்கு ஒப்படைத்ததை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்கிற நிம்மதி ஒன்றே இந்த வயதில் எனக்குப் போதுமாக இருக்கிறது.